நெல்லித் திருப்பத்தில் யாரும் விழுவதில்லை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் உத்தியோகத்தில் இருந்தார். பெயர் சடையப்பன். உத்தியோகம், மலைச் சைக்கிள் தடங்களின் பார்வையாளர்.

சிரிக்காதீர்கள். நெல்லிக்கரடு என்ற அந்த மலையூரில் நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருந்தது. ஊரைச் சுற்றி ஆதியிலிருந்தே ஒத்தையடிப் பாதைகள் கிடந்தன. வரையாடு மேயப் போன பாதை, காட்டெருமை தண்ணிக்கு இறங்கின பாதை, எதற்குப் போட்டது என்று போட்டவர்களுக்கே மறந்துபோன பாதை. அப்படியிருக்க, ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சமவெளி மிருகங்களுக்கு மலையில் சைக்கிள் ஓட்டுகிற ஆசை வந்துவிட்டதாம். ஆகவே ஒவ்வொரு மலையூரும் தன் பாதைகளுக்குப் பெயர் வைத்து, அம்புக்குறி போட்டு, நிறமும் கொடுக்க வேண்டுமாம். பச்சை என்றால் யாரும் போகலாம். நீலம் என்றால் பழகியவர்கள் போகலாம். கருப்பு என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நிறம் கொடுப்பதற்கு யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? நேர்காணலுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆமைக்கு பெடல் எட்டவில்லை. மயிலுக்குத் தோகை செயினில் மாட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தவர் சடையப்பன். திறமையால் கிடைத்த வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்வார். தனியாக இருக்கும்போது மட்டும் அந்த மயிலின் தோகையை நன்றியோடு நினைத்துக்கொள்வார்.

கதைக்குள் போவதற்கு முன்னால் அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெல்லிக்கரட்டில் யாரும் கீழே விழ மாட்டார்கள். அதாவது, விழுவார்கள். பொத்தென்று விழுவார்கள், உருளுவார்கள், பல்லைக்கூட உடைத்துக்கொள்வார்கள். ஆனால் விழுந்தேன் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பாறையில் சறுக்கி மல்லாந்து கிடக்கிற மானிடம் போய் என்னாச்சு என்று கேட்டால், "வானம் பாத்துட்டு இருக்கனுங்க, மழை வருமாட்ட இருக்குது" என்று பதில் வரும். கேட்டவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, மேக்கால கருத்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதுதான் மரியாதை. மலையில் பிறந்தவன் மலையிலேயே விழுந்தான் என்று தெரிந்தால் அவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

வேலையில் சேர்ந்த முதல் வாரம் சடையப்பன் உச்சிப்பாறையிலிருந்து ஓடைக்கு இறங்குகிற தடத்தை ஓட்டிப் பார்க்கப் போனார். ஹெல்மெட் போட்டார். கியர் எதற்கு என்று தெரியாததால் அதைத் தொடவில்லை. பாதி வழி வரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது, பாட்டுக்கூட முணுமுணுத்தார். நடுவில் ஒரு பெரிய நெல்லிமரம். அந்த இடத்தில் பாதை சொல்லாமல் கொள்ளாமல் இடது பக்கம் திரும்புகிறது. குறுக்கே மரத்தின் வேர் வேறு. சைக்கிள் வேரில் நின்றுகொண்டது. சடையப்பன் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் உண்ணிச்செடிப் புதருக்குள் தலைகீழாகச் சொருகிக்கொண்டார்.

எழுந்து முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். அடிபட்டதா என்று பார்ப்பது அப்புறம்தான். ஒரு கீரிப்பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

"என்னுங்க சார், என்னாச்சுங்க?"

சடையப்பன் ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். "மண் பரிசோதனைங்க" என்றார்.

கீரிப்பிள்ளை பயபக்தியோடு தலையாட்டியது. சடையப்பன் அங்கேயே பதிவேட்டைத் திறந்து, 'மண் நன்று. தடம் எளிது. பச்சை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறென்ன எழுதுவது? விழுகிற பார்வையாளரை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? போர்டும் வந்து இறங்கியது. பச்சை எழுத்தில், 'முதியோர், குழந்தைகள், முழங்கால் வலிக்காரர்கள் யாவரும் செல்லலாம்.'

அதற்கப்புறம் மாதம் இரண்டு தரம் ஆய்வுக்குப் போனார். முதல் தரத்தையும் சேர்த்து ஏழு மாதத்தில் பதினாலு தரம். பதினாலு தரமும் அதே வேர், அதே புதர். விழுந்து விழுந்து புதருக்குள் அவர் அளவுக்கு ஒரு குழியே உண்டாகிவிட்டது. மற்றவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? காட்டெருமை ராக்கியப்பன் அந்த இடத்தில் பறந்தார். கேட்டால், "உண்ணிப்பூ பாக்க எறங்குனனுங்க" என்றார். மான்கள் பூ பார்த்தன. முயல் குடும்பத்தோடு பூ பார்த்தது. சமவெளியிலிருந்து வந்த ஒட்டகம்கூட ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு பூ பார்த்துவிட்டுப் போனது.

எலும்பு வைத்தியர் முள்ளம்பன்றி பொங்கியண்ணன் வாசலில் திங்கட்கிழமை தோறும் நீளமான வரிசை நிற்கும். எல்லோருக்கும் ஒரே பக்கத்துத் தோள்பட்டைதான் வீங்கியிருக்கும். எப்படி வந்தது என்று கேட்டால், தூங்கி எழுந்தேன், வலிக்குது என்பார்கள். பாவம், அவர் நல்லவர், நம்பிவிடுவார். இந்தக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை வாயு அதிகம் என்று முடிவு செய்து எல்லோருக்கும் சுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பினார்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. விழுந்தவரே வந்து பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மாதமாக அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. தலைவர் நரி நாச்சிமுத்து அந்த வெறும் பதிவேட்டை மேலிடத்துக்கு அனுப்பி, 'விபத்தில்லாத் தடம்' என்ற விருதை வாங்கிவிட்டார். வர்ற ஞாயிற்றுக்கிழமை விழா. வனவட்ட அதிகாரி நாரை வருகிறார். விழாவில் மகளிர் குழு அந்தத் தடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டும். முன்னால் போவது குழுத் தலைவி வேலாத்தா.

வேலாத்தா யார் என்றால், சடையப்பனின் சம்சாரம். சடையப்பன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வேலாத்தாவைப் போலத் தேனுக்கு மரம் ஏற அந்த மலையில் ஆள் கிடையாது. போன வருஷம் ஒரு பெருங்கொம்புத் தேனுக்கு ஏறினபோது கிளை முறிந்தது. "கெளைதான் உளுந்துச்சு. நான் தொணைக்குக் கூட வந்தேன்" என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாள். ஆனால் இடுப்பெலும்பு துணைக்கு வந்ததாக நினைக்கவில்லை, இரண்டாகப் போய்விட்டது. ஆறு மாதம் படுக்கை. சடையப்பன்தான் வாரி, துடைத்து, ஊட்டி எழுப்பி உட்கார வைத்தார். கட்டுப் பிரித்த அன்றைக்கு வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எலும்பு கூடிருச்சுங்க அம்மிணி. இன்னொருக்கா அடிபட்டா மட்டும் மரம் ஏர்ற நெனப்பையே விட்டுப்போடோணும். மத்தபடி மூட்டு எளகறதுக்குச் சைக்கிள் ஓட்டுங்க. பச்சைத் தடத்துல மட்டும்."

மரம் ஏறாத வேலாத்தாவை சடையப்பனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த ஆறு மாதமும் அவள் சன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவர் அவர்.

வியாழக்கிழமை மெதுவாக ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழமை மழை வருமாட்ட இருக்குது, வேலாத்தா."

"வந்தா நனையறோம்."

"உன்ற சைக்கிள்ல காத்து எறங்கிக் கெடக்குதே."

"நீங்க எறக்கி உட்டதைப் பாத்தேன். அடிச்சு வெச்சுட்டேன்."

"அதில்ல, அந்த நெல்லித் திருப்பம் சித்தெ…"

வேலாத்தா நிமிர்ந்து பார்த்தாள். "சித்தெ என்னுங்க மாமா? முழங்கால் வலிக்காரங்க போலாம்னு போர்டு எழுதுனது நீங்கதானுங்க?"

தான் எழுதின எழுத்து தனக்கே எதிர்ச்சாட்சி சொல்ல வந்து நின்றால், கரடியாவது புலியாவது, எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். 'சடையப்பா, உன்னைப் போல ஒரு கேனையன் உண்டாடா' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தார்.

நாச்சிமுத்து தோரணத்துக்கு மாவிலை எண்ணிக்கொண்டிருந்தார். "தடத்தைக் கருப்பா மாத்தோணுங்க தலைவரே" என்றார் சடையப்பன்.

"மாத்தலாமே, பேஷா மாத்தலாம். ஏழாம் நம்பர் படிவம் கொடுங்க."

"அதுல என்ன எழுதோணுங்க?"

"உளுந்தவங்க பேரு. கையெழுத்தோட."

சடையப்பன் படிவத்தை வாங்கிக்கொண்டு நேராக ராக்கியப்பனிடம் போனார். காட்டெருமையின் கொம்பில் இன்னமும் ஒரு உண்ணிச்செடிக் குச்சி மாட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் ராக்கியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா? உளுந்தனா? ஏனுங்க, என்ற வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்குது. இதெல்லாம் ஒரு பேச்சுங்களா?" என்று தலையை ஆட்டினார். ஆட்டின வேகத்தில் குச்சி கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மானிடம் போனார். மான் வானத்தைப் பார்த்தது. முயல் வீட்டில் கதவே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் போய்ச் சனிக்கிழமையும் போயிற்று. படிவத்தில் அவர் கைவியர்வை மட்டும்தான் பட்டிருந்தது. விழுந்தவர் பெயர் என்ற கட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுத ஒரே ஒரு பெயர்தான் மிச்சம், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் பேனாவைத் திறந்து திறந்து மூடினாரே ஒழிய எழுதவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவருடைய கோழைத்தனத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உச்சிப்பாறையில் பந்தல் போட்டு ரேடியோ செட் அலறியது. மகளிர் குழு ஏழு பேரும் ஒரே நிறச் சேலையில், ஹெல்மெட்டுக்கு மேலே கனகாம்பரம் சுற்றிக்கொண்டு நின்றார்கள். நாரை அதிகாரி ஒற்றைக் காலில் நின்று பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, வெறும் பக்கத்தை. வேலாத்தா சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்து லேசாக நீவிவிட்டுக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. சடையப்பன் கவனித்தார்.

அவ்வளவுதான். அவருக்கு என்ன வந்ததோ தெரியாது, மேடையில் ஏறி நாச்சிமுத்துவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"நான் உளுந்தனுங்க" என்றார்.

ரேடியோ செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"நெல்லித் திருப்பத்துல. ஒருக்கா இல்லீங்க, பதினாலு தரம். மண் பரிசோதனை எல்லாம் பொய்யுங்க. மண்ணைப் பத்தி எனக்கு ஒரு எளவும் தெரியாது. கியர் எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தத் தடம் பச்சை இல்லீங்க, கருப்பு. நீங்களும் உளுந்திருக்கீங்க. சொல்லிப்போடுங்க சாமி, ஒருத்தராவது சொல்லுங்க. பொம்பளைங்க போறாங்க."

இந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ராக்கியப்பன் கண் கலங்கி எழுந்து நானும்தான் என்று சொல்ல வேண்டும். அப்புறம் மான், அப்புறம் முயல். கடைசியில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு போர்டைப் பிடுங்கிப் போட வேண்டும். சடையப்பனும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

ராக்கியப்பன் எழுந்தார். கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அடப் பாவமே" என்றார். "பதினாலு தரமா?"

"வயசாச்சில்லீங்க" என்றது மான்.

"கண்ணாடி போட்டாச் சரியாப்போகும்" என்றது முயல்.

"நம்ம பொங்கியண்ணன் கிட்டக் காட்டுங்க, வாயுவா இருக்கும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். கூட்டம் முழுக்க உச்சுக்கொட்டியது. இத்தனை நாளும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த அத்தனை பேரும், விழுகிற ஆள் இவர்தான் என்று தெரிந்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

நாச்சிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாரையைப் பார்த்தார். விருது போச்சு என்று நினைத்தார். நாரையோ பதிவேட்டை நீட்டி, "எழுதுங்க" என்றார். "உண்மையைச் சொல்றேன் தலைவரே, வெறும் பதிவேட்டைப் பாத்துட்டு எனக்குக் காலையிலிருந்தே சந்தேகம். எட்டு மாசத்துல ஒருத்தர்கூட விழலைன்னா யார் நம்புவா? இப்பதான் கணக்காக இருக்கு. விழுந்தவர் ஒருத்தர். காரணம், தடமா ஓட்டினவரா?"

"ஓட்டுனவர்தானுங்க" என்று நாச்சிமுத்து கட்டத்தில் டிக் போட்டார். "தடத்துல கோளாறு இருந்தா மத்தவங்களும் உளுந்திருப்பாங்கல்லங்க."

சடையப்பன் கையெழுத்துப் போட்டார். வேறு வழி? சரி, மானம்தானே போயிற்று, வேலாத்தா ஒருத்தியாவது நம்பிச் சைக்கிளை விட்டு இறங்கியிருப்பாள் என்று திரும்பிப் பார்த்தார்.

வேலாத்தாவின் முகம் சிவந்துபோயிருந்தது. கரடி முகத்தில் சிவப்புத் தெரிய வேண்டுமென்றால் அது எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "நாலு பேர் முன்னால மானத்தை வாங்கிப்போட்டீங்களே மாமா" என்றாள். "கரடி வீட்டுக்கு ஒருத்தர் உளுந்தாப் போதும். நான் நேரா ஓட்டிக் காட்டறேன், பாருங்க." ஆறு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு பெடலை மிதித்துவிட்டாள்.

காப்பாற்றப் போய் உசுப்பேற்றி விட்டாரே மனுஷன்! மனுஷன் என்றா சொன்னேன்? பழக்க தோஷம்.

சடையப்பன் ஓடினார். தடத்தின் வழியாக இல்லை, சரிவில் குத்தாக. பாதி தூரம் ஓடினார், மீதி தூரம் உருண்டார். உருண்டது ஒரு வகையில் நல்லதாயிற்று, ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். நெல்லிமரத்தடியில் போய் நின்றபோது மேலே சைக்கிள் பெல் கேட்டது. வேரைப் பிடுங்கலாமா? நடக்கிற காரியமா அது? கத்தலாமா? மூச்சே வரவில்லை. அந்தக் காட்டில் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த சங்கதி ஒன்றே ஒன்றுதான். அந்த வேரில் முட்டுகிறவர் எங்கே போய் விழுவார் என்பது. பதினாலு தரம் படித்த படிப்பு. புதருக்குள் போய்த் தன் குழியில் வாகாக மல்லாந்து படுத்து, வயிற்றை உப்ப வைத்துக்கொண்டார்.

வேலாத்தா வந்தாள். சைக்கிள் நின்றது. வேலாத்தா நிற்கவில்லை.

தொம்மென்று வயிற்றின் நடுவில் விழுந்தாள். சடையப்பனுக்கு ஒரு விலா எலும்பு போன சத்தம் அவருக்கே கேட்டது. "இடுப்பு?" என்று மட்டும் கேட்டார்.

வேலாத்தா எழுந்தாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு காலை. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். "ஒண்ணும் ஆகலீங்க" என்றாள். சடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றாக அழுதிருப்பார், அதற்குள் மகளிர் குழு வந்துவிட்டது. வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, ஆறு பேர். ஒவ்வொருவரும் அவர் மேல் இறங்கி, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பூவு நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள்.

நாச்சிமுத்துவும் நாரையும் பதிவேட்டோடு வந்து சேர்ந்தபோது ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் படுத்துக்கொண்டிருந்தார்.

"விழுந்தது யாரு?" என்று கேட்டார் நாரை.

ஏழு பேரும் சடையப்பனை நோக்கிக் கையை நீட்டினார்கள். வேலாத்தாவும்தான்.

"இவர் சைக்கிள் எங்கே?"

"இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து ஆச்சரியத்தோடு. "சைக்கிள் இல்லாமயே உளுந்திருக்காருங்க."

நாரை புதரைச் சுற்றி வந்தார். வேரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், சடையப்பனின் வயிற்றை அலகால் அமுக்கிப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். இப்போதுதான் இந்தத் தடம் நிஜமாகவே பச்சையாக இருக்கிறது, இதை இப்படியே வைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று பேசினார்களாம். பத்து நாளில் உத்தரவு வந்தது. பார்வையாளர் சடையப்பனுக்கு நெல்லித் திருப்பத்துக்கு இடமாற்றம். பணியிடம், உண்ணிச்செடிப் புதர். பணி, காலை முதல் மாலை வரை படுத்திருத்தல். விலா எலும்பு கூடினதும் சேர வேண்டும்.

சேர்ந்தார். அவருக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. கியர் இல்லை, படிவம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவர் மேல் இறங்கி, வானத்தைப் பற்றியும் பூவைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசி, "பாத்துங்க சடையப்பண்ணா, மறுபடி உளுந்துறாதீங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை வைத்தியர் வாசலில் வரிசை குறைந்தது. காட்டில் வாயுத் தொல்லை தீர்ந்தது கஷாயத்தால்தான் என்று பொங்கியண்ணன் சந்தோஷப்பட்டார்.

வேலாத்தா பழையபடி மரம் ஏறினாள். அந்த வருஷத்து முதல் பெருந்தேனை எடுத்த அன்றைக்கு, அடையோடு தூக்குப்போசியில் போட்டு, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு உச்சியிலிருந்து கிளம்பினாள். நடந்து வந்திருக்கலாம், வீட்டிலிருந்து நெல்லிமரம் கூப்பிடு தூரம்தான். சடையப்பன் பெல் சத்தம் கேட்டு வயிற்றை உப்ப வைத்துக்கொண்டார். தூக்குப்போசி சிந்தாமல் இறங்கினாள்.

"உளுந்துட்டியா கண்ணு?" என்றார் சடையப்பன், யாருக்கும் கேட்காமல்.

வேலாத்தா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமாங்க மாமா" என்றாள்.

அப்புறம் தேனடையைப் பிட்டு அவர் வாயில் வைத்து, வெளியில் சொல்லிவிடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நீதி: ஊருக்கு ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், மற்றவர்கள் அவர் மேல் நிம்மதியாக விழலாம்.